பந்தாய் பார்த்துக்கொண்டிருந்த இடம்

எந்தப் படத்திலும் அந்த நாய் கேமராவைப் பார்க்கவில்லை.

அர்செனியோ கிழவியின் கைப்பேசியை வாங்கி ஒரு விரலால் படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். வாசற்படியில் படுத்திருக்கும் நாய். சாப்பாட்டு மேசைக்கு அடியில் நாய். கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கின் கீழே, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய நாய். உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நாய். காதுகள் விறைத்திருந்தன, வாய் இறுக மூடியிருந்தது, எல்லாவற்றிலும் ஒரே பார்வை. படம் எடுத்தவளின் முகத்தை அது பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், சற்று மேலே, அங்கே உயரமான ஓர் ஆள் நின்றால் அவன் முகம் எங்கே இருக்குமோ, அங்கே பார்த்தது.

"பின்னாடி யாரும்மா நின்னாங்க? பிஸ்கட்டக் காட்டிக் கூப்பிட்டாங்களா?"

"யாருமில்ல தம்பி. நான் தனி ஆளு. மகன் துபாய்ல இருக்கான்."

கிழவியின் பெயர் பாசிட்டா. ஏரிக்கரைத் தெருவில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தே வயதானவள். சான் பாப்லோ ஊரில் பாதிப் பேர் அவள் தைத்த கால்சட்டையோடு பள்ளிக்குப் போனவர்கள்தான். நாயை ஓவியமாக வரைந்து வாங்க வந்தவள், அர்செனியோவின் வீட்டு முன்னறையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். நாயின் பெயர் பந்தாய். காவல் என்று அர்த்தம். ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பந்தாய் மேல் விழும். ஒரு பெயரைக்கூட யோசித்து வைக்கத் தெரியாத கூட்டம் என்று அவன் மனதுக்குள் சிரித்தான்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். படத்துல இருக்குற மாதிரியே பார்வைய வைங்க. திருப்பிடாதீங்க."

"ஏம்மா? உங்களப் பாக்குற மாதிரி வச்சா எவ்ளோ அழகா இருக்கும்?"

கிழவி டப்பாவின் மூடியைத் தடவினாள்.

"எனக்கு மாருல கட்டி வந்துது. மணிலாவுக்குப் போனேன். முத்திப்போச்சுன்னு கைய விரிச்சுட்டாங்க. அன்னையிலேர்ந்துதான் இவன் அப்படிப் பாக்க ஆரம்பிச்சான். நான் மெஷின்ல உக்காந்தா எதுத்தாப்புல உக்காருவான். என் தோளுக்குப் பின்னாடியே பாத்துக்கிட்டு இருப்பான். தூங்க மாட்டான். ஒரு நாள் காலையில எந்திரிச்சு, என்னைச் சுத்திக்கிட்டுப் பின்னாடி போனான். போய்ப் படுத்தான். செத்துட்டான். அந்த வாரமே டாக்டர் தேடுறாரு, கட்டியக் காணோம்."

அர்செனியோ தலையாட்டினான். இதைக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வீட்டுக்கு வரும் சாவை வளர்த்த மிருகம் ஏந்திக்கொள்ளும். தங்கமீன் மிதந்தால்கூட, எசமானுக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது என்று சொல்லி நன்றி சொல்வார்கள். நன்றி சொல்லாமல் புதைக்கிற வீட்டை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

"அப்புறம் என்னம்மா? போனது போச்சு. நீங்க நல்லா இருக்கீங்க."

"போகல தம்பி." கிழவியின் குரல் தாழ்ந்தது. "இப்ப மறுபடியும் முதுகுப் பக்கம் குளிருது. ராட்டினம் மாதிரி மெஷின் சுத்துற சத்தத்துக்கு நடுவுல இன்னொரு மூச்சு கேக்குது. நான் திரும்பிப் பாக்கல, பாக்கவும் மாட்டேன். அவன் பாத்துக்கிட்டிருந்தா போதும். அவன் பாக்குற வரைக்கும் அது கிட்ட வராது. அதான் நாற்காலிக்கு எதிர மாட்டி வச்சுக்கலாம்னு. உயிர்ப் பிச்சை கேக்குற மாதிரி கேக்குறேன். பார்வைய மட்டும் மாத்திடாதீங்க."

"சரிம்மா, சரி."

"வரையிறதுக்கு முன்னாடி அவன் பேரச் சொல்லி ஒரு நன்றி சொல்லிடுங்க. இதையும் அவன் முன்னாடி வைங்க." டப்பாவை நீட்டினாள். பூண்டு தாளித்த சோறு, எண்ணெயில் வாட்டிய கருவாடு. "அவனுக்குப் பிடிச்சது."

அவள் குடையை விரித்துக்கொண்டு போனதும் அர்செனியோ டப்பாவைத் திறந்து, கருவாட்டை எடுத்துத் தானே தின்றான்.

---

மணிலாவில் ஓவியம் படித்தவன் அவன். கோயில் கூரைகளில் வானதூதர்களை வரையப் பிறந்தவன் என்று அவனுக்கு ஒரு எண்ணம். வாய்த்ததோ வால்கள். கிரீடம் வைத்த பக் நாய். பாதிரியார் அங்கி போட்ட கிளி. கவுன்சிலரின் மனைவி, பட்டாம்பூச்சிக் கை வைத்த விழா உடையைத் தன் ஷிட்சூ நாய்க்கு மாட்டி வரையச் சொன்னாள். கூடவே, "இடுப்பக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றாள். ஒரு போலீஸ் அதிகாரி பூனைக்காக அவன் முன்னால் மூக்கைச் சிந்தி அழுதான். இவர்களையெல்லாம் அர்செனியோ 'சளிக் கூட்டம்' என்பான். மனிதனுக்கு மனிதன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காதவன் நாய்க்கு எண்ணெய்ச் சித்திரம் கேட்கிறான் என்று சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவன் யாருக்குத் தண்ணீர் கொடுத்தான் என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை.

அவன் எல்லா மிருகத்துக்கும் ஒரே கண்ணைத்தான் போடுவான். பெரிய, ஈரமான பழுப்புக் கண். இமையோரம் இளஞ்சிவப்பு. பாவையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பார்வை நேராக எதிரே நிற்பவர் மேல், உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை என்பதுபோல. அதற்கு அவன் வைத்த பெயர் 'கல்லாப்பெட்டிக் கண்'. உருவம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. கண்ணைப் பார்த்ததும் அழுகை வந்துவிடும், அதோடு வேலை முடிந்தது.

பந்தாயின் உடலை ஒரே பகலில் முடித்தான். மண் நிறம், கழுத்தடியில் வெள்ளைத் திட்டு, விறைத்த காதுகள். கண்ணுக்கு வந்தபோது அவன் அக்கா பெலன் பின்னால் வந்து நின்றாள். பல வருடங்களாகத் தம்பிக்குச் சமைத்துப் போடுகிறவள்.

"டேய், அந்த அம்மா பார்வைய மாத்தாதேன்னு தானே சொன்னாங்க? என் காதுல விழுந்துது."

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. எங்கேயோ பாக்குற நாயக் கொண்டுபோய்க் கொடுத்தா, 'என்ன தம்பி, மாறுகண்ணா இருக்கு'ன்னு நாளைக்கே திரும்பி வருவாங்க."

"நன்றியாவது சொன்னியா?"

"நாய்க்கா?"

"ஒரு வார்த்தைதானடா. வாய் தேஞ்சா போயிடும்?"

"நீ போய் ஜெபமாலை சொல்லு. கோயில்ல உன்னைத் தேடுவாங்க."

"உன்னைத்தான்டா கடவுள் தேடுறாரு. கிடைக்க மாட்டேங்குற." அக்கா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்த அம்மா எனக்குச் சின்ன வயசுல, கோயில்ல புதுநன்மை வாங்க, சட்டை சும்மா தச்சுக் கொடுத்தவங்க. அப்பா செத்த வருஷம். அதையாச்சும் நெனச்சுக்க."

அவன் நினைக்கவில்லை. தூரிகையை நனைத்தான். கல்லாப்பெட்டிக் கண்கள் இரண்டையும், ஒரு சீட்டி அடித்து முடிக்கிற நேரத்தில், போட்டான். இரண்டாவது கண்ணில் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்தபோது பின்கழுத்து மயிர் மெல்ல எழுந்தது. மழைக்காற்று என்று நினைத்தான்.

---

மறுநாள் மதியம் முழுவதும் மழை. தகரக் கூரையில் அது விழும் ஓசை வீட்டின் மற்ற ஓசைகளையெல்லாம் மூடிவிட, அக்கா கொசுவுக்காகப் புகைய விட்டுப்போன லான்சோனஸ் பழத்தோலின் இனிப்பும் கசப்புமான வாசனை முன்னறையில் தேங்கி நிற்க, அர்செனியோ படத்துக்கு மெருகு பூச வார்னிஷ் டப்பாவைத் திறந்தான். மாலையில் பாசிட்டா வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். வார்னிஷ் நெடியையும் பழத்தோல் புகையையும் மீறி இன்னொரு வாடை வந்தது. நெடுநாள் நோயில் படுத்தவர்களின் அறையில் வரும் வாடை. கசங்கிய துணி, மருந்து, வாய்.

ஜன்னலைத் திறந்தான். வாடை போகவில்லை. அது ஜன்னல் பக்கத்திலிருந்து வரவில்லை.

அவன் உட்கார்ந்தான். மழைக்கு நடுவே, தன் மூச்சுக்கு ஒரு நொடி பிந்தி, இன்னொரு மூச்சு. நிறுத்தினால் அதுவும் நின்றது. ஆனால் உடனே நிற்கவில்லை.

கிழவி சொன்னது மனதில் தங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று சத்தமாகச் சிரித்தான். தையல்காரக் கிழவி சொன்ன பேய்க் கதைக்கு மணிலாவில் படித்தவன் பயப்படுவதா? எழுந்து, படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அலமாரியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தான். வரைகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகக் கண்ணாடியில் பார்ப்பார்கள். இடம் வலம் மாறித் தெரியும்போது, நேரில் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் எல்லாம் வெளியே வந்துவிடும்.

முதுகைக் காட்டி நின்றான். கண்ணாடியைத் தூக்கினான்.

அவனுடைய காது தெரிந்தது. கன்னம் தெரிந்தது. அதற்குப் பின்னால் சட்டத்தின் மேல் விளிம்பு, சுவர், சுவரில் பல்லி. நாய் தெரியவில்லை.

நாய் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மறைத்தது.

கட்டைவிரல் கண்ணாடியை மறைக்கிறது என்று நினைத்து விரலை நகர்த்தினான். மறைப்பு அப்படியே இருந்தது. கண்ணாடியை வலப்பக்கம் சாய்த்தான். அதுவும் சாய்ந்தது. தோளின் வளைவு போல ஒன்று. அதற்கு மேலே கழுத்து என்று சொல்ல முடியாத, நீண்டு வளைந்த ஒன்று. அதற்கும் மேலே கண்ணாடிக்குள் அடங்கவில்லை.

திரும்பினான்.

யாருமில்லை. படம் தெளிவாக இருந்தது. பந்தாய் ஈரக் கண்ணால் அவனையே, அவனை மட்டுமே, ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

மூச்சு.

அவன் ஓடவில்லை. ஓடினால் கூடவே வரும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. முதுகைச் சுவரோடு ஒட்டினான். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே இடமில்லை, ஆனாலும் அது அங்கே இருந்தது. குளிர்ந்த ஒரு விரல் சட்டைக் காலருக்குள் நுழைந்து, முதுகுத்தண்டின் முதல் எலும்பைத் தொட்டது. அடுத்ததைத் தொட்டது. பொறுமையாக. கதவு எது என்று தடவித் தேடுகிறவனைப் போல.

பார்வை. நாய் அவன் முகத்தையே பார்த்தது; அவன் முதுகைக் காக்க யாருமில்லை. பார்வையைத் திருப்ப வேண்டும்.

தூரிகையை எடுத்தான். கிழவியின் படங்களில் ஒன்றைத் தன் கைப்பேசிக்கு மாற்றி வைத்திருந்தான்; அதை முன்னால் சாய்த்து வைத்தான். அந்தக் கண்ணைப் பார்த்து வரைந்தால் போதும். பழைய கண்ணை மண் நிறத்தால் மூடினான். வண்ணம் காயும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் வாயால் ஊதினான். பின்னாலிருந்து இன்னொரு வாயும் ஊதியது. வரைந்தான். தள்ளி நின்று பார்த்தான்.

கல்லாப்பெட்டிக் கண்.

மறுபடி மூடினான். மறுபடி வரைந்தான். கைப்பேசியில் இருந்த கண் சிறியது, வறண்டது, தூக்கமில்லாமல் ஓரம் சிவந்தது. அதில் அழகு எதுவும் இல்லை. ஒரு உயிர் தனக்குப் பிடித்த இன்னொரு உயிருக்காக விடிய விடிய விழித்திருந்த களைப்பு மட்டும் இருந்தது. அதை அவனால் பார்க்க முடிந்தது. வரைய முடியவில்லை. எத்தனையோ வருடமாக அவன் எந்தக் கண்ணையும் பார்த்து வரைந்ததில்லை. கை தனக்குத் தெரிந்ததையே போட்டது. இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

நன்றி சொன்னால்?

வாயைத் திறந்தான். "பந்தாய்" என்றான். விரல் நின்றது. அடுத்த சொல்லுக்காக அறை முழுவதும் காத்திருந்தது போலிருந்தது. மழைகூட. அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்தது. ஒரு நாயிடம். ஒரு தெருநாயின் படத்திடம், இந்த அர்செனியோ, கை கூப்பி நின்று. அந்தப் பயத்திலும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. உதடு கோணி, பழைய பழக்கத்தில், ஏளனமாக ஒரு மூச்சு மூக்கு வழியே வெளியேறியது.

விரல் மறுபடி இறங்கத் தொடங்கியது.

மின்சாரம் போனது.

---

"தம்பி! இருக்கீங்களா?"

பாசிட்டா குடையை வாசலில் உதறி வைத்துவிட்டு, மெழுகுவர்த்தியோடு உள்ளே வந்தாள். "தெரு பூரா இருட்டு. நல்லவேளை, பையில ஒண்ணு வச்சிருந்தேன். முடிஞ்சுதா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் படத்தின் முன் போய் நின்றுவிட்டாள். மெழுகுவர்த்தியைத் தூக்கினாள்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தான். திட்டட்டும். படத்தைக் கிழிக்கட்டும், எரிக்கட்டும். ஏன் மாத்தினீங்கன்னு கேட்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

அவள் திட்டவில்லை. மெழுகுவர்த்தியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"என்னைப் பாக்குறான்" என்றாள்.

"அம்மா..."

"என்னையே பாக்குறான் தம்பி. கடைசி வருஷம் பூரா ஒரு தடவகூட என் மூஞ்சப் பாக்கல. கூப்பிட்டாலும் பாக்க மாட்டான். எங்க எம்மேல பாசம் போயிடுச்சோன்னு..." அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பார்வைய மாத்தாதீங்கன்னு சொன்னேன். நீங்கதான் என் மனசக் கண்டுபிடிச்சீங்க. கடவுள் உங்க கைய ஆசீர்வதிக்கட்டும்."

அப்போது அவன் பின்கழுத்து லேசானது.

காலருக்குள் இருந்த குளிர் விலகியது. வாடை அவனைக் கடந்து, மெதுவாக, தரைப் பலகையைச் சற்றே முனக வைத்து, முன்னால் போனது. மெழுகுவர்த்திச் சுடர் படத்தின் பக்கம் சாய்ந்தது. காற்று இல்லை.

அவனால் நிமிர்ந்து மூச்சு விட முடிந்தது. எவ்வளவு நல்ல மூச்சு! லான்சோனஸ் புகை, வார்னிஷ், மழை. உயிரோடிருக்கிறவன் விடும் மூச்சு.

"ஏன் தம்பி இப்படி வேர்த்திருக்கு? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. எதாச்சும் சொல்லணுமா?"

அவனிடம் உண்மையாகவே கேட்டாள். தலையைச் சாய்த்து, தன் துக்கத்தை ஒரு கணம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவனுக்கு என்ன குறை என்று பார்த்தாள். மெழுகுவர்த்தியை அவன் முகத்தருகே பிடித்தாள். எதையும் புரிய வைக்க வேண்டியதில்லை. இதைக் கொண்டுபோகாதீங்கம்மா. அவ்வளவு சொன்னால் போதும்.

சொன்னால் அவள் விலகி நிற்பாள். அவள் விலகினால் படத்தின் முன்னால் மிஞ்சுவது அவன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றான் அர்செனியோ. "சாப்பிடல. அதான்."

"ஐயோ, சாப்பிடாமயா வேல பாத்தீங்க? வீட்டுல பிபிங்கா பணியாரம் சுட்டு வச்சிருக்கேன். நீங்களே கொண்டுவந்து மாட்டிக் கொடுங்க, எனக்குக் கை எட்டாது. சூடா சாப்பிட்டுட்டுப் போகலாம்."

---

ஏரிக்கரை வழியில் அவன் படத்தைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தான். முன்னால் கிழவி, மெழுகுவர்த்தியைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு. குடை அவளுடைய உயரத்துக்கு வேண்டியதைவிட மிகவும் மேலே போனது. அவள் கையை அவ்வளவு உயர்த்தியிருக்கவில்லை. அவன் தரையைப் பார்த்து நடந்தான்.

அவள் வீட்டில் ஆணியும் சுத்தியலும் தயாராக இருந்தன. தையல் மெஷினுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலி. அதற்கு எதிரே சுவர். ஒரே அடியில் ஆணியை இறக்கினான். அரிசிப் பணியாரத்தை வாழையிலையோடு அவன் கையில் வைத்தாள். அதன் சூடு உள்ளங்கையைச் சுட்டது.

"கொஞ்சம் உக்காருங்க தம்பி."

"அக்கா தேடும். வரேம்மா."

"பெலனக் கேட்டேன்னு சொல்லுங்க. அவளுக்கு ஒண்ணு தச்சு வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

வாசலில் செருப்பைத் தேடும்போது சொல்லிவிடலாம் என்று இன்னும் ஒரு முறை தோன்றியது. செருப்பு கிடைத்தது. போட்டுக்கொண்டான். படியிறங்கினான். பாதி வழியில், ஏனென்று தெரியாமல், திரும்பிப் பார்த்தான்.

திறந்திருந்த கதவு வழியே மெழுகுவர்த்தி வெளிச்சம். பாசிட்டா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் போட்டு, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளை மட்டும்.

"என் தங்கமே" என்று அவள் சொல்வது கேட்டது. "இப்பவாச்சும் என்னைப் பாத்தியே."

நாற்காலிக்குப் பின்னால், உத்தரத்தில் தலை இடிக்காமலிருக்க நன்றாகக் குனிந்து நின்ற ஒன்று, குழந்தைக்குப் பேன் பார்க்கும் தாயைப் போல அவளுடைய வெள்ளை முடியை நீண்ட விரல்களால் வகிர்ந்து வகிர்ந்து, உள்ளே போக வழி தேடிக்கொண்டிருந்தது.

"காத்து சொகமா வருது" என்றாள் பாசிட்டா. கண்களை மூடிக்கொண்டாள்.